ஃபிரிட்ஜ் கதவுச் சுவடி: ஓர் அரை மாரத்தான் அட்டவணையின் பாட ஆராய்ச்சி

அடையாற்று அடுக்குமாடி வீடொன்றின் இரண்டாம் தளத்தில், ஃபிரிட்ஜ் கதவின் மேல் திருப்பதிப் பெருமாள் காந்தமும் பீட்சாக் கடைக் காந்தமும் சேர்ந்து தாங்கிய ஒற்றைத் தாளே இந்த ஆய்வின் மூலம். ஏ4 அளவு. பன்னிரண்டு வாரம், வாரத்துக்கு ஏழு கட்டம், ஆக 84 கட்டங்கள். வலது கீழ்க் கோடியில் இட்லி மாவு காய்ந்து ஒரு கட்டம் முழுவதும் சிதைந்துவிட்டது. அதில் ‘பந்தயம்’ என்ற சொல் இருந்திருக்க வேண்டும் என்பது எம் ஊகம். அவ்விடத்தில் அச்சொல் கண்ணுக்குத் தெரியாமல் போனது பயிற்சிக்கு உதவியாகவே இருந்தது என்பது துணை ஊகம்.

அட்டவணையின்படி ஓடியவர் 44 வயது, 78 கிலோ எடை கொண்ட வங்கி ஊழியர். லிஃப்ட் பழுதான நாள்களில் தவிர வேறெப்போதும் அவருக்கு மூச்சு வாங்கியதாகச் சான்றில்லை. ஓடுநரும் ஆய்வாளரும் ஒருவரே. இது ஆய்வின் குறையன்று, சிக்கனம்.

முதலில் நூலாசிரியர் யார் என்ற கேள்வி. தாளில் பெயர் இல்லை. எனவே அகச்சான்றை நாட வேண்டியிருக்கிறது. செவ்வாய் 4.8 கிலோமீட்டர், புதன் 3.2, வியாழன் 4.8, ஞாயிறு 6.4 என்று முதல் வாரம் தொடங்குகிறது. நம் ஊரில் ஐந்து கிலோ கத்தரிக்காய் கேட்டவனுக்கு யாரும் 4.8 நிறுத்துக் கொடுப்பதில்லை. இது மைலில் எழுதிய மூலத்தின் மொழிபெயர்ப்பு: மூன்று மைல், இரண்டு மைல், நான்கு மைல். ஆகவே ஆசிரியர் மைல் வழங்கும் நாட்டவர். திங்களும் வெள்ளியும் ஓய்வு என்கிறார். சனிக்கிழமை விரும்பினால் சைக்கிளோ நீச்சலோ என்கிறார். ஞாயிறு தோறும் நெடு ஓட்டம் என்கிறார். முகூர்த்த நாள் என ஒன்று உண்டு என்பதை அறியாதவர். ஆசிரியருக்கு உறவினர் எவரும் இல்லை என்ற முடிவுக்கு வராமல் இருக்க முடியவில்லை.

மொத்தம் 21.0975 கிலோமீட்டர் ஓட வேண்டும். இந்த 97.5 மீட்டர் எங்கிருந்து வந்தது என்று ஓடுநர் பத்தொன்பதாவது கிலோமீட்டரில் கேட்டார். ஆய்வாளர் இங்கே விடை தருகிறார். 1896-இல் ஏதென்ஸில் முதல் மாரத்தான் நடந்தபோது தூரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் அரண்மனையில் புறப்பட்டு விளையாட்டரங்கில் அரச குடும்பத்தின் இருக்கைக்கு முன்னே முடியும்படி பாதை வகுத்தார்கள். அது 26 மைல் 385 கெஜம், அதாவது 42.195 கிலோமீட்டர். அந்த அரங்குக்குள் இத்தாலியின் டொராண்டோ பியத்ரி முதலாவதாக நுழைந்து, விழுந்து, எழுந்து, மீண்டும் விழுந்து, கைத்தாங்கலாகக் கோட்டைத் தாண்டியதால் பரிசை இழந்தார். 1921-இல் அதே தூரம் உலக அளவாகியது. அதைப் பாதியாக வெட்டினால் வருவதே நம் பாடு. மன்னர்கள் போன பிறகும் மானியம் கட்டுவது என்பார்களே, அது இதுதான்.

பந்தயம் ஜனவரி முதல் வாரம். பன்னிரண்டு வாரத்தைப் பின்னோக்கி எண்ணினால் பயிற்சி அக்டோபர் நடுவில், ஐப்பசி பிறக்கும்போது தொடங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை என்று நம் பாட்டிகள் சொல்லி வைத்ததை மைல் நாட்டு ஆசிரியர் கேட்டிருக்க வாய்ப்பில்லை. இரண்டாம் வாரத்திலேயே மூலபாடம் மழையில் கரையத் தொடங்குகிறது. போதாக்குறைக்கு அவ்விரு மாதங்களிலும் கல்யாணங்கள் உண்டு. ஐந்தாம் வார ஞாயிற்றில் ‘9.7’ என்ற அச்செழுத்தின் மேல் பால்பாயின்ட் பேனாவால் ‘சித்தப்பா பொண்ணு, காஞ்சிபுரம்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. ஏட்டியலில் இதற்கு இடைச்செருகல் என்று பெயர். இதுபோல் நான்கு உள்ளன.

அந்தக் கல்யாணத்தில் ஓடுநர் ‘நான் அரை மாரத்தானுக்கு ஓடிப் பழகுறேன், பெரியம்மா’ என்று தெரிவிக்க, பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டு, ‘ஏன்டா, டாக்டர் ஏதாவது சொன்னாரா?’ என்று கேட்டார். பந்திக்குப் போவதற்குள் செய்தி மண்டபத்தைச் சுற்றி வந்துவிட்டது. இலையில் ஜாங்கிரி வைக்க வந்த பையனைப் பக்கத்து இலைக்காரர் தடுத்து, ‘அவருக்கு வேண்டாம்பா, சுகர்’ என்றார். சொந்தச் செலவில் ஒருவன் காரணமின்றி வேர்க்கலாம் என்ற கருத்து நம் குடும்பங்களில் இன்னும் வேரூன்றவில்லை. நோய் இருந்தால் மட்டும் ஓட்டத்துக்கு மரியாதை உண்டு.

வேகப் பயிற்சியைப் பற்றி அட்டவணை மௌனம் சாதிக்கிறது. அக்குறையைப் பெசன்ட் நகர் நாய்கள் நிறைவு செய்தன. சுவீடன் பயிற்சியாளர் யோஸ்டா ஹோல்மேர் 1930-களில் ‘ஃபார்ட்லெக்’ என்ற முறையை வகுத்தார். சொல்லுக்கு வேக விளையாட்டு என்று பொருள். நிதானமாக ஓடிக்கொண்டே, தோன்றும்போது பாய்ந்து, மறுபடி நிதானத்துக்குத் திரும்ப வேண்டும். எப்போது பாய வேண்டும் என்று ஓடுபவனே முடிவு செய்வது சுவீடன் மரபு. இங்கே அம்முடிவை எதிர்த்தரப்பு எடுக்கிறது. எலியட்ஸ் கடற்கரையின் ஷ்மிட் நினைவு மண்டபத்தைத் தொட்டுத் திரும்பும் வழியில், அதிகாலை நாலே முக்காலுக்கு, மூன்று நாய்கள் இந்தப் பாடத்தை நடத்தின. கறுப்பு நாய் தலைமைப் பயிற்சியாளர். அது துரத்துவது தெருமுனை வரைதான். எல்லை தாண்டியதும் உட்கார்ந்து சொறிந்துகொள்ளும். ஓடுநரின் வாழ்நாள் உச்ச வேகம், கிலோமீட்டருக்கு நான்கரை நிமிடம், இந்த எல்லைக்குள் பதிவானது. கடிகாரம் அதைப் பாராட்டி அதிர்ந்தது. நாய் பாராட்டவில்லை.

உணவியல் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஒரு கிலோமீட்டர் ஓடினால், உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும் என்பது பயிற்சியாளர்கள் வழங்கும் தோராயக் கணக்கு. 78 கிலோ மனிதர் எட்டு கிலோமீட்டர் ஓடினால் 600 கலோரிக்குச் சற்று மேல். ஓட்டக் குழுவினர் முடித்ததும் ஓட்டலில் கூடுவது வழக்கம். நெய் மிதக்கும் பொங்கல், இரண்டு வடை, டிகிரி காபி, பிறகு ‘இவ்வளவு ஓடியாச்சே’ என்ற காரணத்தால் ஒரு ரவா தோசை. பன்னிரண்டு வார முடிவில் எடை 79.5 கிலோ. தசை கூடியிருக்கிறது என்று குழுவிலிருந்த மூத்த அண்ணன் விளக்கம் தந்தார். உரையாசிரியர்கள் இல்லாமல் எந்த நூலும் நிலைப்பதில்லை.

மார்கழி பிறந்ததும் எல்லாம் மாறியது. மழை ஓய்ந்தது. முகூர்த்தம் கிடையாது, எனவே உறவினர் கிடையாது. மைல் நாட்டு ஆசிரியர் கற்பனை செய்த உலகம் சென்னையில் ஆண்டுக்கு ஒரு மாதம் உண்மையிலேயே நிலவுகிறது. சற்றே குளிர்ந்த காற்று, எங்கோ ஒலிபெருக்கியில் திருப்பாவை. இடையூறு ஒன்றே: கோலம். நாலரை மணிக்கே வாசலை நிறைத்துத் தெருவின் பாதி வரை படர்ந்துவிடும். அடியை எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்துக் குறுங்கால் வைத்து ஓடியதில் முழங்கால் வலி நின்றது. நீண்ட எட்டைக் குறைத்துக் குறுகிய எட்டாக வைத்தால் மூட்டில் சுமை குறையும் என்று விளையாட்டு மருத்துவர்களும் சொல்கிறார்கள். அவர்கள் புள்ளிக் கோலம் வரை வரவில்லை.

இங்கே பெரிய சிக்கலொன்று எழுகிறது. பதினோராம் வார ஞாயிற்றில் உச்ச தூரம் 16.1. அடுத்த ஞாயிறு நேரே பந்தயம், 21.1. இடையிலுள்ள ஐந்து கிலோமீட்டரை எப்படி ஓடுவது? மூலத்தில் ஒரு வரியும் இல்லை. ஏடு விழுந்துவிட்டதா, ஆசிரியர் வேண்டுமென்றே மறைத்தாரா? ‘கூட்டம் இழுத்துக்கிட்டுப் போயிடும்’ என்பது அண்ணன் உரை.

கூட்டம் இழுத்துக்கொண்டு போகவில்லை, முந்திக்கொண்டு போனது. நான்கு ஊக்குகளால் மார்பில் எண்ணைக் குத்திக்கொண்டு இருட்டில் புறப்பட்ட ஓடுநர், பதினாறு வரை நூலையும் அதற்கு மேல் வாழைப்பழத்தையும் பற்றிக்கொண்டு முன்னேறினார். கடிகாரம் 21.1 காட்டியபோது முடிவு வளைவு இன்னும் முந்நூறு மீட்டர் தள்ளி நின்றது. யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர் உரக்கச் சொன்னதாகத் தெரிகிறது. எவரும் ஏமாற்றவில்லை. சான்று பெறும் பாதைகளைச் சைக்கிளின் முன்சக்கரத்தில் எண்ணியைப் பொருத்தி, வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, மிகக் குறுகிய வழியில் அளக்கிறார்கள். குறைந்துவிடக் கூடாதென்று ஆயிரத்தில் ஒரு பங்கு கூட்டியும் விடுகிறார்கள், அரை மாரத்தானுக்கு 21 மீட்டர். மிச்சமெல்லாம் தண்ணீர் மேசைக்கும் புகைப்படக்காரருக்கும் குறுக்கே போய் வந்த கணக்கு. நேரம் 2 மணி 51 நிமிடம். ஜேக்கப் கிப்லிமோ 2021-இல் லிஸ்பனில் 57 நிமிடம் 31 விநாடியில் ஓடிய அதே தூரம் என்பதை ஒப்பீட்டுக்காக அல்ல, தகவலுக்காகக் குறிக்கிறோம்.

இனி எழுத்தியல். கட்டங்களில் மொத்தம் 41 டிக் குறிகள் உள்ளன. ஓடச் சொன்ன நாள்கள் 48. ஆக 85 விழுக்காடு. முதல்முறை ஓடுபவருக்கு இது வியக்கத்தக்கது. குறிகள் இரு மையில் உள்ளன: கறுப்பு 22, நீலம் 19. கறுப்பு மாலை ஓட்டத்தையும் நீலம் அதிகாலை ஓட்டத்தையும் குறிக்கும் எனக் கருதினோம். நீலக் குறிகளில் ஆறு, ‘ஓய்வு’ என அச்சிட்ட கட்டங்களில் விழுந்திருக்கின்றன; ஒன்று ஓடுநர் காய்ச்சலில் கிடந்த வியாழனில். அவருக்கே நினைவில்லாத ஓட்டங்கள். நினைவு தவறும், ஏடு தவறாது என்பதால் அவற்றை ஆர்வ மிகுதியின் சான்றாக ஏற்றுக்கொண்டோம்.

கட்டுரையின் முதல் படியைச் சமையலறையில் வாசித்தபோது ஓடுநரின் மனைவி அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தார்.

‘ஏங்க, நீலம் தண்ணி கேன் கணக்கு. தம்பி கேன் போட்டுட்டுப் போற அன்னைக்கு நான் போடுற டிக். அதை எதுக்கு எண்ணுறீங்க?’

மறுகணக்கில் 48-க்கு 22. ஆய்வு அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் மாதக் கடைசியில் கேன் தம்பி கொண்டுவந்த நோட்டில் அந்தப் பன்னிரண்டு வாரத்துக்கு 21 கேன் என்று இருந்தது. தாளில் நீலம் 19. இரண்டு கேன் கூடுதலாக எழுதிவிட்டான் என்று ஓடுநர் வாசலில் வாதிடத் தொடங்க, உள்ளிருந்து குரல் வந்தது: ‘சரியாத்தான் இருக்கும். ரெண்டு நாள் நீலப் பேனா எழுதல. உங்க கறுப்புலதான் போட்டேன்.’

எந்த இரண்டு என்று அவருக்கு நினைவில்லை. அளவுகோல் வைத்துப் பார்த்தாயிற்று. கறுப்புக் குறிகள் இருபத்திரண்டும் ஒரே நீளம், ஒரே சாய்வு.