மிதக்கும் நூலும் மூழ்கும் நூலும்

1970-களில் திருப்பூர்ப் பையன்கள் தூண்டில் கட்டக் காசு கொடுத்து வாங்கியது முள்ளும் நரம்பும் மட்டும்தான். தக்கைக்குச் சோளத்தட்டின் நெட்டி இருந்தது. இரைக்கு வாய்க்கால் ஓரத்து மண்புழு. முள்ளை நரம்போடு சேர்த்து இறுக்கிச் சுற்ற, பனியன் கம்பெனி வாசலில் கிடக்கும் கோன் மிச்சம். அந்த நூலில் நிறம் என்று பெரிதாக எதுவும் இராது. ஊர் முழுக்க உள்பனியன் ஓடிய காலம். சலவைக்குப் போன வெள்ளை, போகாத பழுப்பு, அவ்வளவுதான். நொய்யல் ஆற்றில் மங்கலம் பக்கம் கெண்டையும் கெளுத்தியும் விழும். மண்புழு தீர்ந்துபோன ஒரு சாயங்காலம், முள்ளில் சுற்றியிருந்த வெறும் நூல் குஞ்சத்தையே ஒரு கெண்டை கவ்வியது. நாங்கள் அதை அதிசயமாகப் பேசிக்கொண்டு திரிந்தோம்.

நூலையும் இறகையும் முள்ளில் கட்டி, பூச்சி என்று மீனை நம்ப வைப்பது மேலைநாடுகளில் ஒரு பெரிய கலை என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. நம் பக்கத்திலேயே அதற்கு வரலாறு உண்டு. சென்னை மாகாணத்தில் சிவில் அதிகாரியாக இருந்த எச்.எஸ். தாமஸ், இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873-ல் ஒரு தடித்த புத்தகமே எழுதினார். இந்தக் கலைக்கு உரிய டிரவுட் மீனை நீலகிரிக்குக் கொண்டுவர 1860-களில் பிரான்சிஸ் டே செய்த முயற்சி பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் அதைச் சாதித்தார். அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையமும் வந்தது. திருப்பூரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் ஊட்டி. இருந்தும் அந்த மீனின் பெயரே எங்கள் காதில் விழுந்ததில்லை.

இப்போது நான் இப்படிப் பூச்சி கட்டுபவர்களின் பரிமாற்றக் குழு ஒன்றில் இருக்கிறேன். கோத்தகிரியில் ஒருவர், பெங்களூரில் இருவர், மூணாறில் ஒருவர் என்று ஆங்காங்கே ஆட்கள். ஆளுக்கொரு மாதிரியை எடுத்துக்கொண்டு, எல்லாருக்கும் ஒன்று வீதம் கட்டி, பொறுப்பாளருக்கு அனுப்ப வேண்டும். அவர் பிரித்து, எல்லா மாதிரியிலும் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்புவார். இந்த முறை கேட்டிருப்பது ஜோடி: மேலே மிதக்கும் டிரை ஃப்ளை, அதன் முள் வளைவில் ஒன்றரை அடி நரம்பு கட்டி, கீழே தொங்கும் டிராப்பர். மேலே இருப்பது தக்கை வேலையும் பார்க்கும். சட்டென்று அமுங்கினால் கீழே கடி விழுந்திருக்கிறது என்று பொருள். எங்கள் நெட்டித் தக்கைக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இந்தத் தக்கையிலும் முள் இருக்கிறது. மீன் அதையும் கடிக்கலாம்.

நூல்காரனுக்கு இந்த வேலை சீக்கிரம் கைவரும். நூலில் முப்பதாம் நம்பரைவிட நாற்பது மெலிது. முள்ளிலும் பதினாலைவிடப் பதினாறு சின்னது. கையில் எடுத்ததுமே பிடிபட்டுவிடும். மிதப்பதும் மூழ்குவதும்கூட எங்களுக்குப் பழகிய கணக்குத்தான். பருத்தியின் அடர்த்தி 1.5-க்குச் சற்று மேல். போதாததற்குத் தண்ணீரையும் குடிக்கும். பாலியெஸ்டர் 1.38, குடிக்காது. பாலிபுரொப்பிலீன் 0.9, தண்ணீரைவிடவே லேசு. அதனால் டிரை ஃப்ளைக்குப் பை நாடா பின்னும் பட்டறையில் பாலிபுரொப்பிலீன் துண்டு நூல் வாங்கி, பிரித்து, பஞ்சாக்கி, மெழுகு தடவிய நூலில் முறுக்கி உடம்பு கட்டுகிறேன். நான் கட்டுவது ஆடம்ஸ் என்ற மாதிரி. அமெரிக்காவின் மிச்சிகனில் 1922-ல் லெனர்ட் ஹாலடே முதலில் கட்டியது. அதற்கு வேண்டியது பழுப்பும் கறுப்பு வெள்ளை வரியும் கலந்த சேவல் கழுத்திறகு. கொங்கு நாட்டில் அதற்கா பஞ்சம்? செவலைச் சேவலில் ஒன்றும் வரிச் சேவலில் ஒன்றுமாகக் கறிக்கடையிலேயே கிடைக்கிறது. வயசான சேவலாக இருக்க வேண்டும். இளசின் இறகு விறைப்பாக நிற்காது, தண்ணீரில் படிந்துவிடும்.

இந்த ஜோடியைக் கட்டும்போதெல்லாம் ஒரு விஷயம் மனசை அறுக்கிறது. பாலிபுரொப்பிலீன் சாயத்தொட்டியில் நிறம் ஏறாது. இழை உருவாகும்போதே நிறத்தை உள்ளே கலந்துவிடுவார்கள். ஆக, மேலே மிதக்கும் என் பூச்சிக்காக எந்தச் சாயத்தண்ணீரும் வெளியேறவில்லை. கீழே மூழ்கும் பருத்திதான் சாயம் குடித்தது. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். அடர்நிறம் என்றால் தொட்டியில் லிட்டருக்கு 60 கிராம் முதல் 100 கிராம் வரை போட்டார்கள். அந்த உப்பில் ஒரு பொடிகூடத் துணியில் தங்குவதில்லை. அத்தனையும் வெளியே வரும். 1980-களில் ஏற்றுமதி பெருகி, வெள்ளைப் பனியன் ஊர் கலர் டீஷர்ட் ஊரானபோது, அந்த உப்பு வந்து சேர்ந்த இடம் நொய்யல்.

பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டி முடித்தது 1992-ல். சில வருஷங்களிலேயே அதில் சாயக்கழிவு தேங்கியது. தண்ணீர் திறந்துவிடச் சொல்லிப் போராட வேண்டிய விவசாயிகள், திறக்காதே என்று போராடினார்கள். மீன் செத்து மிதந்ததைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வழக்குகள் வருஷக்கணக்கில் நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகே, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாத முறை இங்கே உண்மையாக வேரூன்றியது. சவ்வில் வடித்து, மிஞ்சியதைக் காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் மறுபடி எடுத்துக்கொள்கிறார்கள். செலவு கடுமை. பிரிக்க முடியாத கலப்பு உப்பு இன்னமும் கொட்டகைகளில் குவிந்து கிடக்கிறது. ஆனாலும் இது இந்த ஊர் செய்த நல்ல காரியம் என்று அடித்துச் சொல்வேன். முப்பது வருஷம் முன்னே செய்திருக்க வேண்டிய காரியம் என்றும் சொல்வேன். நூலில் நிறமே இல்லாத நாளில் ஆறு நிறைய மீன் இருந்தது. இன்று என் மேஜையில் இல்லாத நிறமில்லை. மீனுக்குத்தான் மலையேற வேண்டியிருக்கிறது.

டிராப்பருக்கு நான் எடுத்துக்கொண்டது கில்லர் பக். இங்கிலாந்தில் ஏவன் ஆற்றைக் காத்துவந்த ஃபிராங்க் சாயர் கட்டியது. முள்ளில் மெல்லிய செம்புக்கம்பி, அதன்மேல் கம்பளி நூல், இரண்டே பொருள். சாதாரணக் கம்பளி அல்ல, காலுறை கிழிசல் தைக்கும் சாட்விக்ஸ் 477-ஆம் நம்பர். ஆலை அதை நிறுத்திப் பல பத்தாண்டு ஆகிறது. பழைய அட்டை ஒன்று கிடைத்தால் தூண்டில்காரர்கள் விலை பார்ப்பதில்லை. காய்ந்திருக்கும்போது மங்கிய சாம்பல் பழுப்பு. நனைந்தால் உள்ளிருக்கும் செம்பும் சேர்ந்து லேசான இளஞ்சிவப்பு.

கோத்தகிரி நண்பர் நக அளவுத் துண்டு ஒன்றை அட்டையில் ஒட்டி அனுப்பியிருந்தார். அந்த நிறத்தைப் பருத்தி நூலில் கொண்டுவர, அதை எடுத்துக்கொண்டு, தெரிந்த சாயப்பட்டறையின் லேப் டிப் தம்பியிடம் போனேன். பையர் அனுப்பும் ஷேடுக்குச் சின்னக் குப்பிகளில் சாம்பிள் சாயம் போட்டுக் காட்டுவது அவர் வேலை. ஏ, பி, சி என்று மூன்று போட்டார். லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்ததில் ஏ அச்சு அசலாக ஒட்டியது. நான் எல்லாவற்றையும் டம்ளர் தண்ணீரில் முக்கினேன்.

“ஏனுங்கண்ணா, ஈரத்துல வெச்சா ஷேடு பாக்கறது? காஞ்ச துணியிலதானுங்களே அப்ரூவல் குடுப்பாங்க?”

“இதுக்கு அப்ரூவல் குடுக்கறது மீனு தம்பி. அது ஈரத்துலதான் பாக்கும்.”

அவர் சிரிக்கவில்லை. டம்ளரை வாங்கி, விளக்குகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். நனைந்ததும் ஏ கறுத்துவிட்டது. பி மஞ்சளுக்குச் சாய்ந்தது. காய்ந்தபோது வெளிறித் தெரிந்த சிதான், நனைந்ததும் 477-க்குப் பக்கத்தில் வந்தது. “சி-யில இன்னும் கொஞ்சூண்டு செவப்பு வேணுமுங்க” என்று அவரே சொல்லி, மறுநாள் வரச் சொன்னார்.

அந்த நாலாவது ஷேடில்தான் இப்போது கட்டிக்கொண்டிருக்கிறேன். செம்புக்கம்பி, நிட்டிங் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடையில் வாங்கியது. ஒவ்வொரு ஜோடியோடும் ஒரு சீட்டு வைக்கிறேன்: மேலே எந்த இழை, கீழே எந்த நூல், என்ன நம்பர், சாயம் எங்கே போட்டது, சாயத்தண்ணீர் எங்கே சுத்தமானது. பொறுப்பாளர் கேட்டது மாதிரியின் பெயரை மட்டும்தான். பின்பக்கத்தில் இடம் இருக்கிறது, இதையும் எழுதுகிறேன்.