நம்பிக்கைக்கு எத்தனை மார்க், தம்பி?

‘உங்கள் பக்கத்து வீட்டாரை எந்த அளவுக்கு நம்புகிறீர்கள்? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் தரவும்.’ கேள்வி அருமையா இருக்கு தம்பி. ஆனா இதை நீங்க என்கிட்ட கேட்டப்போ அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் எங்க இருந்தான்னு கவனிச்சீங்களா? இதே திண்ணையில, என் வெத்தலைப் பெட்டியிலேருந்து சுண்ணாம்பை வழிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தான். நான் அஞ்சுன்னேன். அடுத்து அவனைக் கேட்டீங்க, அவனும் அஞ்சுன்னான். டேப்லெட்டுல தட்டிக்கிட்டே ‘ஒத்துமையான ஊரு தாத்தா’ன்னு வேற சொன்னீங்க.

எனக்கும் அவனுக்கும் ஒரு வரப்புக்காகக் கோர்ட்டுல கேஸ் நடக்குது தம்பி. உடனே ‘அப்ப ஒண்ணு போட்டுக்கட்டுமா’ன்னு அவசரப்படாதீங்க. வாய்தாவுக்கு ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுலதான் போவோம். போறப்ப டிக்கெட் நான் எடுத்தா, வர்றப்ப அவன் எடுப்பான். இதுக்கு எத்தனை மார்க்குன்னு உங்க ஆபீஸுல கேட்டுட்டு வந்து சொல்லுங்க.

கஜா புயலைப் பத்திக் கேட்டீங்க பாருங்க, அது சரியான எடம். 2018 நவம்பர் 16, பொழுது விடியுமுன்னே வேதாரண்யத்துப் பக்கம் கரையேறி, எங்க பட்டுக்கோட்டை, பேராவூரணி, கீரமங்கலத்துத் தென்னந்தோப்பை எல்லாம் துவம்சம் பண்ணிட்டுப் போச்சு. லட்சத்துக்கு மேல கரண்டு கம்பம் விழுந்துச்சு. உங்க படிவம் என்ன கேக்குது? ‘பேரிடரின்போது உங்கள் சமூகம் ஒன்றுபட்டுச் செயல்பட்டதா? ஆம், இல்லை, ஓரளவு.’ வெளியூர்க்காரர் கேட்டா எந்த ஊர்க்காரன் ‘இல்லை’ம்பான்?

அதுக்குப் பதிலா இப்படிக் கேட்டுப் பாருங்க. ரோட்டுல விழுந்த மரத்தை அறுத்த மெஷின் யாரோடது? பெட்ரோலுக்கு யாரு காசு போட்டா? தண்ணித் தொட்டியை ரொப்ப ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தாங்களே, வீட்டுக்கு எவ்வளவு வசூல்? குடுக்க முடியாத வீட்டுக்குத் தண்ணி கெடச்சுச்சா? வேற மாவட்டத்துலேருந்து கம்பம் நட வந்த மின்வாரிய ஆளுக யாரு வீட்டுல சாப்பிட்டாங்க? எந்தத் தெருவுல முதல்ல லைட்டு எரிஞ்சுச்சு, எந்தத் தெருவுல கடைசியா எரிஞ்சுச்சு? அடுத்த வீட்டுக் கிழவி ராத்திரி எந்த மூலையில படுப்பாங்கிறது உங்களுக்குத் தெரியுமா?

கடைசிக் கேள்விக்குச் சிரிக்காதீங்க. 1995-ல ஜப்பான்ல கோபே நிலநடுக்கம் வந்தப்போ, இடிபாட்டுக்குள்ள கெடந்தவங்கள்ல பெரும்பாலானவங்களைத் தூக்கி வெளிய போட்டது குடும்பத்து ஆளுகளும் பக்கத்து வீட்டுக்காரங்களும்தானாம். எங்க தோண்டணும்னு அவங்களுக்குத்தானே தெரியும்? அபிப்பிராயம் கேட்டா நாங்க எல்லாரும் பெரிய மனுசன் ஆயிருவோம். செஞ்சதைக் கேட்டாத்தான் முழிப்போம். எங்க முழிக்கிறோமோ அங்க நல்லா எழுதிக்குங்க.

கஜா அடிச்சப்போ நிவாரணம் வரலைன்னு எத்தனையோ ஊர்ல ரோட்டை மறிச்சாங்க. நீங்க அதை ‘அரசின் மீது நம்பிக்கையின்மை’ங்கிற கட்டத்துல போட்டுட்டுப் போயிருவீங்க. வீடு சாஞ்சு கெடக்குறப்ப கைப்புள்ளைக்காரி வரைக்கும் திரட்டி நடுரோட்டுல ஒக்கார வைக்கிறது லேசுப்பட்ட காரியமா? அது எந்தக் கட்டம்னு கொஞ்சம் யோசிங்க.

எங்க ஒத்துமைக்குக் கணக்கு ஏற்கெனவே இருக்கு தம்பி, மொய் நோட்டுல. ஆடி பொறந்தா இந்தப் பக்கம் மொய் விருந்துதான். பந்தல்ல ஒரு பக்கம் கறிச்சோறு, ஒரு பக்கம் மொய் எழுதுற மேசை. இப்ப பணம் எண்ணுற மெஷினு, கம்ப்யூட்டர் ரசீதுன்னு முன்னேறிட்டோம். யாரு, எந்த ஊரு, எவ்வளவுன்னு எல்லாம் அதுல இருக்கும். வாங்குனவன், குடுத்தவன் விருந்து வைக்கிறப்ப திருப்பி எழுதியே ஆகணும். கடை நொடிச்சவன் அதுல எந்திரிச்சிருக்கான், பொண்ணைக் கட்டிக் குடுத்திருக்கான்.

ஆனா புயல் அதுலயும் ஒரு பாடம் சொல்லிக் குடுத்துட்டுப் போச்சு. ஒருத்தன் விழுந்தா மத்தவங்க தூக்கலாம். எல்லார் தோப்பும் ஒரே ராத்திரியில விழுந்தா யாரு யாருக்கு மொய் எழுதுறது? அதனால ‘ஊருக்குள்ள எத்தனை பேரு ஒதவுவாங்க’ன்னு மட்டும் கேட்டுட்டுப் போயிராதீங்க. புயல் தொடாத ஊர்ல உனக்கு யாரு இருக்கா, தாலுகா ஆபீஸுல உன் பேரு சொன்னா யாருக்குத் தெரியும்னும் கேளுங்க.

நோட்டை உங்ககிட்ட காட்ட மாட்டோம், அது வேற விசயம். ஒருவேளை எவனாவது காட்டுனா, இருக்குற பேரை எண்ணிக்கிட்டு இருக்காதீங்க. எந்தத் தெருக்காரன் பேரு அதுல இல்லைன்னு பாருங்க. ஒத்துமைங்கிறது கருவேல முள்ளு வேலி மாதிரி தம்பி. உள்ள நிக்கிற பயிரைக் காக்கும், வெளிய நிக்கிறவனைக் கிழிக்கும்.

நான் சொன்னா கிழவன் பேச்சும்பீங்க. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் நம்ம கடலோரத்துல நடந்ததை டேனியல் ஆல்ட்ரிச்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் ஆராஞ்சு 2012-ல புத்தகமே போட்டிருக்காராம். என் பேத்தி படிச்சுட்டுச் சொன்னா. மீனவ கிராமத்து ஊர்ப் பஞ்சாயத்து கட்டுக்கோப்பானது. யாருக்கு என்ன போச்சுன்னு பட்டியல் போட்டுக் குடுத்துச்சு, உதவியும் மளமளன்னு வந்து சேந்துச்சு. அதே கட்டுக்கோப்புதான் தலித்துகளையும், ஆம்பளைத் துணை இல்லாத பொம்பளைகளையும், முஸ்லிம்களையும் பல எடத்துல பட்டியலுக்கு வெளிய நிறுத்திருச்சாம். நீங்க அஞ்சு மார்க்கு போடுற ஊரும் அதுதான், ஆளை விட்டுட்டுப் போன ஊரும் அதுதான்.

இன்னொண்ணு. பகல் பதினோரு மணிக்கு வந்தா வீட்டுல இருக்குறது என்னைய மாதிரிக் கிழடுகளும் ஆட்டுக்குட்டியும்தான். ‘குடும்பத் தலைவர் யாரு’ன்னு கேட்டீங்க, நான் கையைத் தூக்கிட்டேன். புயலன்னைக்கு இந்த வீட்டுல எத்தனை பேருக்கு உலை வச்சோம், அரிசி யாரு வீட்டுலேருந்து வந்துச்சு, யாரு வாசல்லயே நின்னு சாப்பிட்டுப் போனாங்கன்னு என் சம்சாரத்துக்குத்தான் தெரியும். அவளை நூறு நாள் வேலை நடக்குற எடத்துல போயி, நான் பக்கத்துல இல்லாதப்ப கேளுங்க. மெயின் ரோட்டு வீடுகளோட திரும்பிராதீங்க. நிவாரண லாரியும் அங்கேயேதான் நின்னுச்சு. செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு வாய்க்காலைத் தாண்டிப் போனா அங்கயும் வீடு இருக்கு.

எல்லாம் முடிஞ்சதும் மெட்ராஸுல ஏசி ஹாலுல படம் போட்டுக் காட்டுவீங்க, காட்டுங்க. அதோட, மழைக்கு முன்னால அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபை கூடும், அங்கயும் வந்து ‘இந்த ஊருக்கு ஒத்துமையில நாலரை மார்க்கு’ன்னு உரக்க வாசிங்க. நாங்க முன்வரிசையில ஒக்காந்து கைதட்டுவோம். எங்களைப் படம் புடிச்சுக்கிட்டு நிக்காதீங்க. பின்னால யாரு கை தட்டாம எந்திரிச்சுப் போறாங்களோ, அவங்க பின்னாலேயே போங்க. நீங்க கேக்க வேண்டியது எல்லாம் அவங்க வீட்டுலதான் இருக்கு.