எட்டுக் கல்யாணம் செய்தவர் யார்?

‘ஹாலிவுட்டின் பொற்காலத்தில் எம்.ஜி.எம். படங்களில் நடித்தவர். எட்டு முறை கல்யாணம் செய்துகொண்டவர். யார்?’ இந்த வாரத்து வினாடி வினாவில் வந்த க்ளூ இது. விடை எலிசபெத் டெய்லராம். வேறு பெயர் எழுதியவர்களுக்குப் பூஜ்யமாம். இப்படிப்பட்ட க்ளூவைப் பார்த்ததும் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு விட்டத்தைப் பார்த்து யோசிக்கிற வியாதி உங்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் க்ளூ போடுகிறவர்கள். ‘மொட்டைத் தாதன் குட்டையில் விழுந்தான்’ என்பார்களே, அந்த ரகம். எந்தத் தாதன், எந்தக் குட்டை என்று நாம் கேட்கக் கூடாது. சொன்னது உண்மையாக இருந்தால் போதும், க்ளூ ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். காணாமல்போன பிள்ளைக்கு அடையாளம் கேட்டால் ‘இரண்டு கண், ஒரு மூக்கு’ என்று எழுதிக் கொடுப்பதும் உண்மைதான், பிள்ளை கிடைக்காது. ஒருவரைச் சுட்டுவது க்ளூவின் பாதி வேலை. பாக்கி எல்லாரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவதுதான் கஷ்டமான மறுபாதி. அந்த மறுபாதியை யாரும் செய்வதில்லை என்பதே என் வழக்கு.

முதல் சாட்சி, இந்த எட்டுக் கல்யாணம். டெய்லருக்கு எட்டுக் கல்யாணம், ஏழு கணவர்கள். ரிச்சர்ட் பர்ட்டனை மட்டும் 1964-இல் ஒரு தடவை, 1975-இல் இன்னொரு தடவை. சரி. லானா டர்னர்? அவருக்கும் எட்டுக் கல்யாணம், ஏழு கணவர்கள். ஸ்டீபன் கிரேன் என்பவரை 1942-இல் மணந்தார். கிரேனின் முந்தைய விவாகரத்து சட்டப்படி இன்னும் முடியவில்லை என்று தெரியவந்து அந்தக் கல்யாணம் செல்லாமல் போக, 1943-இல் அதே கிரேனை மறுபடி மணந்தார். ஆக, கல்யாண எண்ணிக்கை ஒன்றே, கணவர் எண்ணிக்கை ஒன்றே, ஒருவரையே இரண்டு தடவை மணந்ததும் ஒன்றே, ஸ்டூடியோவும் ஒன்றே. அடுத்து மிக்கி ரூனி. எட்டுக் கல்யாணம், எட்டும் வெவ்வேறு மனைவிகள். அவரும் எம்.ஜி.எம்.தான். க்ளூவில் ஆணா பெண்ணா என்று இல்லையே! ரூனியும் டர்னரும் 1938-இல் ‘லவ் ஃபைண்ட்ஸ் ஆண்டி ஹார்டி’யில் ஒன்றாக நடித்தார்கள். ரூனியும் டெய்லரும் 1944-இல் ‘நேஷனல் வெல்வெட்’டில் ஒன்றாக நடித்தார்கள். எட்டுக் கல்யாணக்காரர்கள் ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு ஒரே ஸ்டூடியோ வாசலில் நிற்கிறார்கள். வினாக்காரர் கண்ணுக்கு ஒருவர்தான் தெரிகிறார்.

இதோடு விட்டுவிடலாம்தான். ஆனால் ஆர்ட்டி ஷாவை எங்கே கொண்டுபோய் வைப்பது? கிளாரினெட் வித்துவான், இசைக்குழுத் தலைவர். 1939-இல் ‘டான்ஸிங் கோ-எட்’ என்ற எம்.ஜி.எம். படத்தில் ஆர்ட்டி ஷாவாகவே வந்து நடித்தார். அவருக்கும் எட்டு மனைவிகள். அந்தப் படத்தின் கதாநாயகி லானா டர்னர். 1940-இல் ஷா அவரையே மணந்தார். ஒரே படத்தில் நடித்ததற்கு இவரைச் சேர்க்கலாமா என்பீர்கள். எத்தனை படம் என்று க்ளூ போட்டவர் கறாராகச் சொல்லியிருந்தால் நானும் கறாராக இருப்பேன். மேலும், ரூனியின் முதல் மனைவி ஏவா கார்ட்னர். 1945-இல் ஷா மணந்ததும் அதே ஏவா கார்ட்னரை. (ஏவா கார்ட்னரும் எம்.ஜி.எம்.தான், ஆனால் மூன்று கல்யாணத்தோடு நிறுத்திக்கொண்டார். வினாடி வினாவில் இடம் பிடிக்க அது போதாது.) இப்போது கூட்டிப் பார்ப்போம். டெய்லர் எட்டு, டர்னர் எட்டு, ரூனி எட்டு, ஷா எட்டு, மொத்தம் 32. ஷாவும் டர்னரும் ஒருவரையொருவர் மணந்துகொண்டதை இரண்டு தடவை எண்ணிவிட்டோம். ஒன்றைக் கழித்தால் 31. முப்பத்தொரு கல்யாணம், நாலு பேர், ஒரு விடை. இதில் வினாக்காரர் மனத்தில் இருந்தவர் யார் என்று கண்டுபிடிக்க சினிமா அறிவு எதற்கு? சோழி உருட்டத் தெரிந்தால் போதும்.

சொந்த வாழ்க்கையை விட்டுத் தொழிலைத் தொட்டுப் போட்ட க்ளூக்களும் இதைவிட உருப்படியாக இல்லை. ‘ஹிட்ச்காக் படங்கள் நான்கில் நாயகன்’ என்றால் கேரி கிராண்ட்டா, ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டா? இருவருக்கும் சரியாக நான்குதான். ஹிட்ச்காக்கின் ஹாலிவுட் படங்களில் ஆறில் வந்த லியோ ஜி. கேரல் என்பவர் இருக்கிறார்; ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ படத்து விமான நிலையத்தில், விமானத்தின் இரைச்சலுக்கு நடுவே கேரி கிராண்ட்டுக்கு முழுக் கதையையும் விளக்கிவிட்டு, நமக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் செய்தவர். அவர் பெயரை யாரும் கேட்பதில்லை. ‘நடிக்க வருமுன் கழைக்கூத்து வித்தைகள் செய்தவர்’ என்றால் மறுபடி கேரி கிராண்ட். அல்லது பர்ட் லங்காஸ்டர். ‘நடனக்காரராகத் தொடங்கி ரவுடி வேடத்தில் புகழ்பெற்றவர்’ என்றால் ஜேம்ஸ் காக்னி; அல்லது ஜார்ஜ் ராஃப்ட்; ஒருவரா இருவரா என்று குழம்புகிறவர்களுக்காகவே போல, 1939-இல் ‘ஈச் டான் ஐ டை’ படத்தில் இருவரும் சேர்ந்தே ஜெயிலுக்குப் போனார்கள். ‘இந்தியாவில் பிறந்தவர், 1939-இல் வந்த காதல் காவியத்தின் நாயகி’ என்றால் டார்ஜிலிங்கில் பிறந்த விவியன் லீ என்று துள்ளிக் குதிக்கிறோம். அதே 1939-இல் ‘வதரிங் ஹைட்ஸ்’ நாயகியாக வந்த மெர்ல் ஓபரான் பம்பாயில் பிறந்தவர். ஆனால் அவர் டாஸ்மேனியாவில் பிறந்தவர் என்று விளம்பரத் துறை கதை கட்டிவிட்டது. பழைய ஹாலிவுட்டின் ‘வாழ்க்கைக் குறிப்பு’களில் பாதி இப்படி விளம்பரத் துறை உட்கார்ந்து எழுதியவை. கல்யாணங்களும் அந்தத் துறையின் சரக்குதான். அவர்கள் 1940களில் அச்சடித்த நோட்டீஸை இன்று வினாக்காரர்கள் சம்பளம் இல்லாமல் விநியோகிக்கிறார்கள்.

நல்ல க்ளூவுக்கு மூன்று இலக்கணம் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன், சொல்கிறேன். அதற்குள் ஓர் ஆட்சேபம் வருகிறது: ‘கல்யாணம் வேண்டாம், விளம்பரம் வேண்டாம். விருது பொய் சொல்லாதே. ஆஸ்கரை வைத்துக் கேட்டால்?’ கேளுங்கள். ‘நான்கு தடவை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டும் போட்டியில் ஒன்றும் வெல்லாதவர், 1980களின் தொடக்கத்தில் கௌரவ ஆஸ்கர் பெற்றவர். யார்?’ பார்பரா ஸ்டான்விக். கௌரவ ஆஸ்கர் 1982-இல். மிகச் சரி. ஆனால் அடுத்த ஆண்டே, 1983-இல், நான்கு பரிந்துரையும் ஒரு தோல்விப் பட்டியலுமாக மேடையேறி அதே கௌரவத்தை வாங்கியவர் வேறு யாருமில்லை, நம்ம மிக்கி ரூனி. மனிதர் எந்தப் பக்கம் திரும்பினாலும் நிற்கிறார்! சரி, விருது க்ளூவால் பிடிக்கவே முடியாத ஆளைப் பார்க்க வேண்டுமானால் எட்வர்ட் ஜி. ராபின்சன். ‘லிட்டில் சீசர்’ ஒன்று போதும் அவர் பெயர் சொல்ல. ஆனால் வாழ்நாள் முழுவதும் ஒரு பரிந்துரைகூட இல்லை. கௌரவ விருது 1973-இல் மேடைக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. ‘டபுள் இண்டெம்னிட்டி’யில் அவருக்கு வாயில் சுருட்டு இருக்கும், பையில் தீப்பெட்டி இருக்காது. ஒவ்வொரு தடவையும் கோட்டுப் பைகளைத் தட்டித் தடவிப் பார்ப்பார். ஃபிரெட் மெக்மரே கட்டை விரல் நகத்தால் குச்சியைக் கீறிப் பற்றவைத்து நீட்டுவார். கடைசிக் காட்சியில் மெக்மரே குற்றுயிராகக் கிடக்கையில் நெருப்பு வைக்கும் முறை ராபின்சனுக்கு வருகிறது. ‘எப்போதும் அடுத்தவர் நெருப்பில் சுருட்டுப் பிடித்தவர்’ என்று ஒரு க்ளூ போட்டால் என்ன? அது அவருடைய தொழில். பரிந்துரை கிடைக்காதது அகாடமியின் தொழில்.

‘அது ரொம்பக் கஷ்டம், படம் பார்த்தவனுக்குத்தானே தெரியும்’ என்று அடுத்த ஆட்சேபம். படம் பார்க்காதவருக்கு எதற்கு ஐயா சினிமா வினாடி வினா? போகட்டும், கஷ்டம் வேறு, குழப்பம் வேறு. கஷ்டமான க்ளூவுக்கு ஒரே விடைதான் இருக்கும். விடை தெரிந்ததும் ‘அட, ஆமாம்!’ என்று நெற்றியில் அடித்துக்கொள்வோம். குழப்பமான க்ளூவில் விடை தெரிந்த பிறகுதான் சண்டையே ஆரம்பம். இதே ரூனிக்கு எளிதான, ஆனால் தப்பே நேராத க்ளூ ஒன்று உண்டு: ஷெர்லி டெம்பிள் நான்கு ஆண்டுகள் உட்கார்ந்திருந்த அமெரிக்க வசூல் நட்சத்திரங்களின் முதல் நாற்காலியில் 1939, 1940, 1941 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உட்கார்ந்தவர். வேறு யாரும் உள்ளே வர முடியாது. ‘ஸ்டூடியோ ஒப்பந்தத்தை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போய் வென்று, தன் பெயரிலேயே ஒரு சட்டம் வழங்கும்படி செய்த நடிகை’ என்றால் ஒலிவியா டி ஹாவிலண்ட், கதவு சாத்தியாயிற்று. தமிழ் வாசகருக்கென்றே ஒன்று வேண்டுமா? சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் கூட்டாகத் தயாரித்த 1952-ஆம் ஆண்டு ஆங்கிலப் படமான ‘தி ஜங்கிள்’-இல் நடித்தவர். பதினாலு ஆண்டுகள் கழித்து டி.வி. ‘பேட்மேன்’-இல் ஜோக்கர் வேடம் கிடைத்தபோது மீசையை எடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்து, அதன் மேலேயே வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டவர். சீசர் ரொமேரோ. உற்றுப் பார்த்தால் சாயத்துக்கு அடியில் மீசை முடி தெரியும். அப்படியொரு மீசை இருக்கும்போது கல்யாணக் கணக்கு எதற்கு?

இன்னும் ஒரு கட்சி இருக்கிறது. ‘க்ளூ குழப்பமாக இருந்தால்தான் வாதம் வரும், வாதம்தான் சுவை’ என்கிறவர்கள் அவர்கள். நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் வாதத்துக்கு இடம் விட்டவர்கள் மதிப்பெண் போடும்போது மட்டும் ஏன் நீதிபதி ஆகிவிடுகிறார்கள்? லானா டர்னர் என்று எழுதியவருக்குப் பூஜ்யம் போட என்ன முகாந்திரம்? ஒன்று, வாதம் வேண்டும், மதிப்பெண் வேண்டாம் என்று சொல்லுங்கள். அல்லது மதிப்பெண் போடுங்கள், ஒரே விடை வரும்படி க்ளூ எழுதுங்கள். அப்படி எழுத உட்கார்ந்தால் முதலில் தாமஸ் மிட்செலிடம் போங்கள். 1939 என்ற ஒரே ஆண்டில் ‘கான் வித் த விண்ட்’டில் ஸ்கார்லெட்டின் அப்பா, ‘ஸ்டேஜ்கோச்’சில் குடிகார டாக்டர் (ஆஸ்கரும் அதற்குத்தான்), ‘மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்’னில் பத்திரிகைக்காரர், ‘ஓன்லி ஏஞ்சல்ஸ் ஹேவ் விங்ஸ்’ஸில் விமானி, ‘தி ஹஞ்ச்பேக் ஆஃப் நோட்டர்டேம்’மில் பிச்சைக்காரர் கூட்டத்தின் தலைவன். இத்தனையும் செய்த முகம் எல்லாருக்கும் தெரியும், பெயர்தான் தெரியாது. வினாடி வினா என்று ஒன்று இருப்பதே இப்படிப்பட்ட பெயரை நம் வாயில் வரவழைப்பதற்காகத்தான் என்று நான் பிடிவாதமாக நம்புகிறேன். மிட்செலுக்குச் சேர வேண்டிய கேள்விகளை முதலில் பாக்கி இல்லாமல் கேட்டு முடியுங்கள். அந்த மூன்று இலக்கணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.