மட்கார்டு மகாத்மியம்

திருவனந்தபுரம் ஆரியசாலையில் குடியிருப்பவனுக்குக் காடு மலை ஏறும் வண்டி எதற்கு என்று கேட்கிறவர்கள், எங்கள் சந்துக்குள் வண்டி ஓட்டிப் பார்க்காதவர்கள். ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சாலை கம்போளத்தை ஏற்படுத்தியபோது மாட்டுவண்டிதான் வாகனம். பிறகு லாரி வந்தது, ஆட்டோ வந்தது. அகலம் மட்டும் வரவில்லை. துலாமழை தொடங்கிவிட்டால் ரோடு எது, ஓடை எது என்று தண்ணீருக்கே தெரியாது. ஆகவே ஃபோர் வீல் டிரைவ் எனக்கு ஆடம்பரம் அல்ல, அத்தியாவசியம். வீட்டில் இப்படித்தான் சொன்னேன். யாரும் நம்பவில்லை என்பது வேறு விஷயம்.

என் வண்டி மாருதி ஜிப்ஸி. சுசுகி எஸ்ஜே410ஐக் கொஞ்சம் நீட்டி 1985 டிசம்பரில் இந்தியாவில் இறக்கினார்கள். 1996இல் 1.3 லிட்டர் இன்ஜினோடு ‘ஜிப்ஸி கிங்’ வந்தது. என்னுடையது அந்த ராஜவம்சம். போலீசும் பட்டாளமும் வாங்கிக் குவித்த வண்டி ஆதலால், அதில் ஏறி உட்கார்ந்தால் என் தொப்பைக்கும் ஒரு மிடுக்கு வரும் என்று எதிர்பார்த்தேன். முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். பவர் ஸ்டியரிங் கிடையாது. கிழக்கேகோட்டையில் ஒருமுறை திருப்பினால் அன்றைய உடற்பயிற்சி முடிந்தது. இந்த வண்டி பார்த்த அதிகபட்சக் காடு பொன்முடி. அங்கே 22 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அத்தனையும் தார் ரோடு.

இப்படி நிம்மதியாக இருந்த குடும்பத்தில் டயர் வந்து புகுந்தது. பழைய டயர் 205/70 ஆர்15. தரையிலிருந்து உச்சி வரை சுமார் 668 மில்லிமீட்டர். “235/75 போடுங்க மாமா, வண்டி கெத்தா நிக்கும்” என்றான் தங்கை மகன். அது சுமார் 733. வித்தியாசம் 65 மில்லிமீட்டர் என்றாலும் வண்டி உயர்வது அதில் பாதிதான்; மேல்பாதி மட்கார்டுக்குள் போய்விடும். இரண்டு விரற்கடை கெத்துக்கு நான் கொடுத்த விலையை இங்கே எழுத முடியாது. என் மனைவியும் பத்திரிகை படிக்கிறவள்.

பெரிய டயர் போட்டால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும் என்று யாரும் சொல்லவில்லை. முள் 60இல் நிற்கும்போது வண்டி 66இல் போகும். என்னிடம் இருப்பவற்றில் காட்டிக்கொள்வதைவிட அதிகம் உழைப்பது அது ஒன்றுதான். ஏற்றத்தில் மட்டும் உண்மை தெரிந்துவிடும்: மூன்றாம் கியரில் ஏறிய இடத்தில் இப்போது இரண்டாம் கியரைக் கேட்கிறது.

நேர் ரோட்டில் புது டயர் பேசாமல் இருந்தது. ஆனால் ஆரியசாலையில் நேர் ரோட்டுக்கு எங்கே போவது? ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, ஒரு சக்கரம் குழியில் இறங்கும்போது, முன் மட்கார்டின் கீழ்மூலையில் டயர் உரசி ‘கர்ர்’ என்றது. தெருவே திரும்பிப் பார்த்தது. கெத்து என்று தங்கை மகன் சொன்னது இதைத்தான் போலும்.

“மட்கார்டை வெட்டிரலாம் மாமா. அமெரிக்காவுல எல்லாரும் வெட்டுறாங்க” என்று செல்போனைக் காட்டினான். 1984 முதல் 2001 வரை வந்த ஜீப் செரோக்கியை ஒரு தாடிக்காரர் தன் வீட்டுக் கொட்டகையில் வைத்து அறுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கொட்டகை எங்கள் சந்தைவிடப் பெரியது. அவர் கையில் நடுக்கம் இல்லை. அவர் பின்னால் மனைவி நிற்கவில்லை.

சாலை கம்போளத்தில் கிடைக்காத பொருள் இல்லை. நாலு இஞ்ச் கட்டிங் மெஷின், ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள டிஸ்க், அரம், சாக்பீஸ், மாஸ்கிங் டேப், ரெட் ஆக்சைடு, கண்ணாடி, கையுறை எல்லாம் வாங்கினேன். கைப்பழக்கம் மட்டும் எந்தக் கடையிலும் நிறுத்துத் தரவில்லை. அதற்காக டிங்கரிங் ஆசானைக் கூப்பிட்டேன். தான் வெட்டமாட்டேன், பக்கத்தில் இருந்து சொல்லித் தருவேன் என்றார். தொழில் தெரிந்தவர்கள் இப்படித்தான் பிழைத்திருக்கிறார்கள்.

முதல் பாடம், வண்டி நிற்கும்போது டயர் எங்கே உரசுகிறது என்று பார்த்துப் பயனில்லை. ஒரு முன்சக்கரத்தைச் செங்கல் அடுக்கின்மேல் ஏற்றி, ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்படி செய்து, ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்ப வேண்டும். டயர் தொடும் இடத்தில் சாக்பீஸ் கோடு. அதற்குமேல் ஒரு விரல் இடம் விட்டு டேப். பிறகு அட்டையில் அந்த வடிவத்தை வெட்டி, கவிழ்த்து, மறுபக்கத்திலும் அதையே வைத்து வரைய வேண்டும். கண்ணளவை நம்பினால் வண்டிக்கு ஒரு புருவம் உயர்ந்துவிடும். ஸ்பிரிங் ஷாக்கிளை நீட்டி வண்டியைத் தூக்கினால் போதாதா என்று கேட்டேன். நிற்கும்போது போதும், குழியில் விழும்போது போதாது என்றார் ஆசான். ஸ்பிரிங் அமுங்கி பம்ப் ஸ்டாப்பில் முட்டும்வரை சக்கரம் மேலே போகத்தான் செய்யும்.

இதற்குள் சந்து நிறைந்துவிட்டது. கேரளத்தில் சும்மா நின்று பார்ப்பதற்கே கூலி கேட்கும் வழக்கம் இருந்தது. நோக்குகூலி என்று பெயர். 2018 மே 1 முதல் அதற்குத் தடை போட்டார்கள். தடை இல்லாதிருந்தால் அன்று வந்த கூட்டத்துக்கு வண்டியை விற்றுத்தான் கணக்குத் தீர்த்திருப்பேன். “அண்ணாச்சி, இன்னும் ரெண்டு இஞ்ச் ஏத்தி வெட்டும்” என்றார் எதிர்வீட்டுப் பலசரக்குக் கடைக்காரர். தம் சைக்கிளுக்குக்கூட மட்கார்டு இல்லாதவர் அவர். ஆசான் அமைதியாகச் சொன்னார்: “தகரம் எப்பவும் குறைச்சு வெட்டணும் கேட்டேளா. போதலேன்னா இன்னும் வெட்டலாம். கூடிப்போச்சுன்னா தையல்காரன்கிட்டயா கொண்டுபோவிய?”

பாட்டரி வயரைக் கழற்றினோம். சக்கரத்தைக் கழற்றினோம். பின்னால் ஓடும் வயரையும் பிரேக் ஹோஸையும் ஒதுக்கிக் கட்டினோம். அடியில் அடித்திருந்த பழைய தார் பூச்சைச் சுரண்டினோம். தீப்பொறி பட்டால் அது பற்றிக்கொள்ளும். ஒரு வாளித் தண்ணீரை என் மனைவி கொண்டுவந்து வைத்தாள். வண்டிக்கா எனக்கா என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

வெட்டினேன். அந்தச் சத்தத்தில் எனக்கு இருபது வயது குறைந்தது. தீப்பொறி பறந்ததும் திரும்ப ஏறிவிட்டது. விழுந்த தகரத்துண்டு உள்ளங்கையகலம்கூட இல்லை. வெட்டிய ஓரத்தை அரம் போட்டு, அன்றே ரெட் ஆக்சைடு அடித்து, ரப்பர் பீடிங் மாட்ட வேண்டும். கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊரில் வெறும் தகரம் ஒரு மழைகூடத் தாங்காது. பெயின்ட் காயட்டும் என்று சக்கரம் இல்லாமல் வண்டியை ஜாக்கியில் நிறுத்திவிட்டு நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, நவராத்திரி வந்துவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும் ஆண்டுதோறும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருள்வார்கள். சரஸ்வதிக்குக் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம். நங்கைக்குச் செந்திட்டை. குமாரசுவாமி தங்குவது எங்கள் ஆரியசாலை அம்மன் கோவிலில். முருகன் வரும் வழியில் மூன்று கால் ஜிப்ஸியை நிறுத்தியவன் என்ற பெயர் எனக்கு வந்துவிட்டது. பையன்கள் திரண்டு, சக்கரத்தை மாட்டி, என்னைக் கேட்காமலேயே வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் ஓரங்கட்டினார்கள். ஆசான் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பின்பக்கத்தை வெட்டும் பேச்சு அதற்குப்பின்தான் எடுத்தேன். ஆசான் தலையை ஆட்டினார். ஜிப்ஸியின் முன் மட்கார்டு போல்ட்டில் நிற்கிறது. கெட்டுப்போனால் கழற்றி வேறொன்று மாட்டலாம். பின்பக்கம் வண்டியின் உடம்போடு சேர்ந்தது. அங்கே வெளித்தகரமும் உள்தகரமும் விளிம்பில் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்த விளிம்பைத் தாண்டி வெட்டினால் இரண்டும் பிரிந்து நடுவில் பொந்து திறக்கும். சேறும் தண்ணீரும் அதில் குடியேறி உள்ளிருந்தே துரு தின்னும். வெளித்தகரத்தில் கீறல் கீறலாகப் போட்டு உள்ளே மடக்கி, பற்றவைத்து, சீலர் பூச வேண்டும். அந்தத் தாடிக்காரர் செய்தது இதுதான். ஓடிய வீடியோவில் இந்தப் பகுதி வந்தபோது நான் பஜ்ஜி எடுக்கப் போயிருந்தேன்.

என் கையைக் கடைசியாகக் கட்டியது சட்டம். 15 ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். எனக்கும் கெடு நெருங்கியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் படித்தேன். அதை வைத்துத்தான், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நான் விரல் விட்டு எண்ணினேன். மட்கார்டு, டயர் என்று விரல்கள் மடங்கிக்கொண்டே போயின. “ஆறு மாசம்னா நவராத்திரிக்குள்ள வந்துருவீங்க” என்றாள் மனைவி.

பழைய மட்கார்டு ஜோடி ஒன்றை இரும்புக்கடையில் தேடிப் பிடித்து, போல்ட்டை முடுக்கி, 205 டயரையே திரும்ப மாட்டினேன். பதிவு கிடைத்தது. ஸ்பீடோமீட்டர் மறுபடி உண்மை பேசுகிறது. வண்டியில் இப்போது கெத்து இல்லை, சத்தமும் இல்லை.

பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் சட்டத்தைப் படியுங்கள், பிறகு டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் படியுங்கள், மட்கார்டைத் தொடவே தொடாதீர்கள். வண்டிக்குப் பொருந்தும் டயர் கடையில் விற்கிறது. டயருக்குப் பொருந்தும்படி வண்டியை வெட்டுவது தாடி வைத்தவர்களுக்கும் பெரிய கொட்டகை உள்ளவர்களுக்கும் உரியது. இதையும் மீறி 235/75 ஆர்15தான் வேண்டும் என்பவர்கள் ஆரியசாலைக்கு வரலாம். நான்கு டயரும் மொட்டைமாடியில் இருக்கின்றன, விலை பேசிக்கொள்ளலாம். இறக்குகூலி உங்களுடையது.