கம்பெனிச் சட்டத்தில் தேறுவது எப்படி? நியூசிலாந்தின் தகனினிவாசிகளுக்கு ஆறு யோசனைகள்

1. கம்பெனிச் சட்டம் படிக்கிறீர்கள் என்று தகனினியில் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். விட்டால், ஞாயிற்றுக்கிழமை விருந்தில் சாம்பார் வருவதற்குள் மூன்று மாமாக்கள் வந்துவிடுவார்கள். ஒருவருக்கு டெய்ரி கடை, ஒருவருக்கு கூரியர் வேன், ஒருவருக்கு பெயின்டிங் கான்ட்ராக்ட். மூவருக்கும் ஒரே சந்தேகம்: "கம்பெனி ஆக்கிட்டா கடன்காரன் வீட்டுப் பக்கம் வரமாட்டான்ல?" பதில் சொல்லாமல் வாயில் வடையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

2. சாலமன் வழக்கை உருப்போடுங்கள். லண்டனில் பூட்ஸ் தொழில் நடத்திய ஏரன் சாலமன், 1892இல் அதைத் தன் சொந்தக் கம்பெனிக்கே விற்றார். 20,007 பங்குகளில் 20,001 அவருக்கு; மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் தலைக்கு ஒன்று. விலையில் 10,000 பவுனைக் கம்பெனி அவருக்கே ஈட்டுக் கடனாகப் பாக்கி வைத்தது. கம்பெனி நொடித்ததும் மற்ற கடன்காரர்கள் கொதித்தார்கள். 1896இல் பிரபுக்கள் சபை அடித்துச் சொன்னது: சாலமன் வேறு, கம்பெனி வேறு.

3. பேராசிரியரைக் குளிர்விக்க உள்ளூர்ச் சரக்கை இறக்குங்கள். கேன்டர்பரி வயல்களில் விமானத்திலிருந்து உரம் தூவியவர் ஜெஃப்ரி லீ. கம்பெனியின் 3,000 பங்குகளில் 2,999 அவருடையவை. முதலாளியும் அவரே, சம்பளத்துக்குப் பைலட்டும் அவரே. 1956இல் விமானம் விழுந்து இறந்தார். தன்னிடம் தானே வேலை பார்ப்பதாவது என்று நியூசிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் மனைவிக்கு நஷ்டஈட்டை மறுத்தது. 1960இல் அதற்கும் மேலே இருந்த பிரிவி கவுன்சில், தாராளமாக வேலை பார்க்கலாம் என்றது. இதை எழுதும்போது விடைத்தாளில் சிரிப்பு வரக்கூடாது.

4. கூட்டுத் தொழில் பாடத்தைப் பந்தியிலேயே படித்துவிடலாம். மாமாவும் சித்தப்பாவும் லாபத்துக்காகச் சேர்ந்து வியாபாரம் செய்தால், பத்திரம் எழுதாவிட்டாலும் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் கூட்டாளிகள். கடைக்காகச் சித்தப்பா வாங்கிய கடன், மாமாவின் வீடு வரை வரலாம். இதை மாமி இல்லாத நேரத்தில் விளக்குங்கள்.

5. பிறகு வங்கிக் கடன் படிவத்தின் கடைசித் தாளைப் புரட்டுங்கள். கம்பெனி தொடங்குவது என்னவோ சுலபம்தான்: 1993ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி ஒரே ஒரு பங்கு, ஒரே ஒரு டைரக்டர் இருந்தாலே கம்பெனி தயார். சோபாவில் படுத்தபடி பதிவு செய்யலாம். வங்கி மேனேஜர் சாலமனை மதிப்பவர்தான். ஆனாலும் 'தனிப்பட்ட ஜாமீன்' என்ற இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுத் தாளை நீட்டுவார். மாமா அங்கே கையெழுத்துப் போட்டதும், வீட்டைப் பொறுத்தவரை மாமாவும் கம்பெனியும் ஒன்றுதான்.

6. மெயின்ஸீலை மறக்காதீர்கள். பெரிய கட்டுமானக் கம்பெனி, 2013இல் கவிழ்ந்தது. கடன்காரர்கள் தலையில் பெரும் பாக்கியை ஏற்றும்படி தொழில் நடத்தியதற்காக, டைரக்டர்கள் 3.98 கோடி டாலரும் வட்டியும் தர வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போர்டின் தலைவராக இருந்தவர் முன்னாள் பிரதமர் ஜென்னி ஷிப்லி. அவர் பங்குக்கு 66 லட்சம் டாலர் வரை.

இனி செய்முறைத் தேர்வு. நியூசிலாந்துக் கம்பெனிக்கு இங்கே குடியிருக்கும் டைரக்டர் ஒருவராவது வேண்டும். தவறினால் ஆஸ்திரேலியாவில் குடியிருந்து அங்கும் ஒரு கம்பெனிக்கு டைரக்டராக இருப்பவர் வேண்டும். ஆகவே இங்கே கம்பெனி தொடங்க நினைக்கும் பெரியப்பா சென்னையிலிருந்து போன் செய்வார்: "சும்மா பேருக்குத்தாம்பா, ஒரு கையெழுத்து." பேருக்கு டைரக்டர் என்று ஒரு ஜாதி சட்டத்தில் கிடையாது. மரியாதை குறையாமல் "முடியாது பெரியப்பா" என்று சொல்ல வந்துவிட்டதா? தேறிவிட்டீர்கள், பரீட்சை வெறும் சம்பிரதாயம்.