மைக்செட் மகாத்மியம்

ஆடி பிறந்ததைத் தெரிந்துகொள்ள எங்கள் தெருக்காரர்கள் காலண்டர் பார்ப்பதில்லை. முனையில் இருக்கும் அம்மன் கோயிலைச் சுற்றிச் சவுக்குக் கம்பங்கள் நடப்படும். கம்பத்துக்கு ஒரு புனல் ஏறி உட்காரும். மறுநாள் விடிவதற்குள் "அலோ... அலோ... மைக் டெஸ்ட்... ஒன்... டூ..." என்று ஓர் அசரீரி எழும். மூன்று மட்டும் வராது. மூன்றைச் சொல்வதற்குள் பாட்டைப் போட்டுவிடுவார்கள். வராத அந்த மூன்றுக்காகப் படுக்கையில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும் சுகம், அமைதியான ஊர்களில் வாழும் துர்ப்பாக்கியசாலிகளுக்கு வாய்க்காது.

நம் நாட்டில் குளத்துக்குப் புராணம் உண்டு. மரத்துக்கும் மலைக்கும்கூட உண்டு. பக்தியை வீடு வீடாகக் கொண்டுசேர்க்கும் மைக்செட்டுக்கு மட்டும் இதுவரை யாரும் பாடவில்லை. நன்றி கெட்ட சமூகம் என்ற பழி நமக்கு வரக்கூடாது.

முன்னோர்கள் பாவம், வசதியற்றவர்கள். மார்கழிக் குளிரில் தோழியரை எழுப்ப ஆண்டாள் வாசல் வாசலாக நின்றாள். கெஞ்சினாள், கிண்டல் செய்தாள், கோபித்துக்கொண்டாள். திருப்பாவையின் 30 பாசுரங்களில் பத்து, உறங்குகிற பெண்களை எழுப்பவே செலவாகிவிட்டன. திருக்கோஷ்டியூரில் ராமானுஜர், குரு ரகசியமாகச் சொன்ன மந்திரத்தை ஊருக்கே கேட்கும்படி சொல்லக் கோபுரம் ஏற வேண்டியிருந்ததாம். அதற்காக நரகம் போகவும் தயார் என்றாராம். எங்கள் விழாக்குழுத் தம்பிகளுக்கு இந்தச் சிரமமெல்லாம் இல்லை. ஒரு சுவிட்ச் போதும். அவர்கள் நரகத்துக்குப் போக வேண்டியதும் இல்லை. அதை நம் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள்.

புனலின் சமத்துவக் கொள்கையைத் தனியாகச் சொல்ல வேண்டும். எல்.ஆர். ஈஸ்வரி கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். சினிமாவில் கிளப் நடனப் பாட்டென்றாலும் அவர்தான், ஆடி மாதத்து மாரியம்மன் பாட்டென்றாலும் அவர்தான். உடுக்கையோடு சேர்ந்து அந்தக் குரல் மேலேறும்போது கற்பூரம் ஏற்றாமலே சாமி வரும். அந்தக் குழைவும் கணீரென்ற எடுப்பும் வீட்டு ரேடியோவில் கேட்டால் தனியாகத் தெரிந்து தொலைக்கும். புனலில் அந்தப் பாகுபாடு கிடையாது. அதன் வாய்வழியே வந்தால் ஈஸ்வரியும் சீர்காழி கோவிந்தராஜனும், "பழைய இரும்பு, ஈயம், பித்தளை" என்று தெருவில் போகும் வண்டியும் ஒரே குரல்தான். கலைஞர்களுக்கு நடுவே ஏற்றத்தாழ்வு இருக்கக்கூடாது என்பதில் எங்கள் மைக்செட் உறுதியாக இருக்கிறது.

காலை பத்து மணிக்கு மேல் பாடல்கள் பக்தியிலிருந்து படிப்படியாக முக்தி பெறும். முதலில் சினிமா மெட்டில் அம்மன் வரிகள் வரும். கண்ணை மூடிக் கும்பிடுகிறவரின் மனத்தில், அம்மனுக்குப் பக்கத்திலேயே கதாநாயகன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடத் தொடங்குவான். அடுத்தது, அம்மன் என்ற சொல் எங்கோ ஓரிடத்தில் வரும் சினிமாப் பாட்டு. மத்தியானத்துக்குள் அம்மனும் விலகி, மெட்டும் நாயகனும் மட்டும் எஞ்சுவார்கள். பற்றுகளை ஒவ்வொன்றாக விட்டுக் கடைசியில் கடவுள் என்ற பற்றையும் விடுவதுதான் ஞானத்தின் உச்சி என்பார்கள். அதை அரை நாளில் எட்டிவிடுகிறோம்.

சினிமாவுக்கும் அம்மனுக்கும் நம் ஊரில் பழைய உறவு. 1971-இல் ஆதிபராசக்தி வந்தது. 1995-இல் தெலுங்கில் அவதரித்த அம்மன் தமிழுக்கும் வந்தாள். 2020-இல் மூக்குத்தி அம்மனாக நயன்தாரா வந்தார். சாமி என்று கண்ணை மூடினால் கே.ஆர். விஜயாவோ ரம்யா கிருஷ்ணனோ தெரிகிற தலைமுறை எங்களுடையது. இந்தத் தலைமுறைத் தம்பிகள் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். தெரு முனையில் கட்டியிருக்கும் ஃப்ளெக்ஸைப் பாருங்கள். நடுவில், மேகத்திலிருந்து இறங்குகிறவராக ஒரு நடிகர். அவர் காலடியில் கறுப்புக் கண்ணாடி போட்ட விழாக்குழு, பதவிவாரியாக. அதற்குக் கீழே "அன்புத் தம்பிகள்" என்று பாஸ்போர்ட் அளவில் மூன்று வரிசை. இடது மூலையில், தபால்தலை அளவில், கையில் சூலத்தோடு ஒரு பெண்மணி. விசாரித்ததில், திருவிழா அவருக்குத்தானாம். விளம்பரத்தை விரும்பாத தெய்வத்தின் மனசறிந்து நடந்துகொள்கிற இந்தப் பண்பு எத்தனை பேருக்கு வரும்?

நன்கொடை அறிவிப்புகள் இன்னொரு தனிச் சிறப்பு. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்ற பழைய கொள்கை, மைக் கண்டுபிடிப்பதற்கு முன் ஏற்பட்டது. இப்போது வலது கை கொடுத்தால் மூன்று தெருவுக்கு அப்பாலும் தெரியும். மளிகைக்கடை அண்ணாச்சி 501 ரூபாய் கொடுத்ததைக் காலையில் ஒருதரம், உச்சிவேளையில் ஒருதரம், கூழ் வார்க்கும்போது ஒருதரம் என்று முக்காலமும் கேட்டேன். பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரர் அதைப் பொறுக்க மாட்டாமல் 1001-ஆக உயர்த்தினார். பக்தி இப்படித்தான் வளர்கிறது. இதற்கிடையில் "பச்சைச் சட்டை போட்ட சிறுவன் மேடைக்கு அருகில் அழுதுகொண்டிருக்கிறான்" என்ற அறிவிப்பும் வரும். காணாமல் போனதால் அழுகிறானா, மேடைக்கு அருகில் நிற்பதால் அழுகிறானா என்று சொல்ல மாட்டார்கள்.

சட்டம் என்ற ஒன்று நடுவில் தலை நீட்டுவது உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று அளந்து வைத்திருக்கின்றன. டெசிபல் கணக்கு விநோதமானது. பத்து ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு ஏறும். 55 என்பது 105 ஆனால் ஒரு லட்சம் மடங்கு. புனலுக்கு நேர் எதிரே மாடி வீட்டில் குடியிருப்பவருக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. சட்டம் ஒரு பங்கு கேட்டது, நாங்கள் லட்சம் பங்கு கொடுத்தோம். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரிகூட இந்த விகிதத்தில் கொடுத்ததில்லை. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்கிறது விதி. ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல், திருவிழாக்களுக்கு நள்ளிரவு வரை அரசு அனுமதிக்கலாம் என்றும் இளகுகிறது. எங்கள் கணக்கில் அந்த 15 நாள் ஆடி பாதியிலேயே தீர்ந்துவிடும். மீதியை அம்மன் பார்த்துக்கொள்வாள்.

அதே 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில், சென்னைக் குடியிருப்பு ஒன்றிலிருந்து தேவாலயச் சத்தம் பற்றிப் போன வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்துப் பிரார்த்தனை செய்யும்படியோ, ஒலிபெருக்கி வைத்து மேளம் கொட்டிப் போதிக்கும்படியோ எந்த மதமும் சொல்லவில்லை என்றார்கள் நீதிபதிகள். அவர்கள் எல்லா மதத்து நூல்களையும் மனத்தில் வைத்துத்தான் சொல்லியிருப்பார்கள். விழாக்குழு நோட்டீஸைத்தான் பார்க்காமல் விட்டுவிட்டார்கள். வழக்கு தேவாலயத்தைப் பற்றியது என்பதால் நாங்கள் அதைப் பெருந்தன்மையோடு தேவாலயத்தாருக்கே விட்டுக்கொடுத்துவிட்டோம். கோயிலைப் பற்றித் தீர்ப்பு வந்தால் அவர்களும் அப்படியே விட்டுக்கொடுப்பார்கள். மதநல்லிணக்கத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தெருவில் ஒருவர் நள்ளிரவில் காவல் நிலையத்துக்குப் போன் செய்தாராம். "கொஞ்சம் சத்தமாப் பேசுங்க சார், ஒண்ணும் கேக்கல. இங்கயும் திருவிழா" என்று பதில் வந்ததாம்.

மாரியம்மன் குளிர்ச்சியை விரும்புகிறவள். எலுமிச்சை, மஞ்சள் நீர், வேப்பிலை, கூழ் என்று அவளுக்குப் படைப்பதெல்லாம் குளிர்ச்சிதான். அம்மை கண்ட வீட்டில் "ஆத்தா வந்திருக்கா" என்பார்கள். வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருக்கும். அதைப் பார்த்ததும் வருகிறவர்கள் தெருவிலேயே குரலைத் தாழ்த்திவிடுவார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை அடுப்பில் தாளிப்புக் கிடையாது. கடுகு வெடிப்பதைக்கூட ஆத்தா பொறுக்க மாட்டாள் என்பாள் பாட்டி. பாயில் படுத்திருக்கும் பிள்ளையே அப்போது அம்மன். அதற்கு வலிக்காமல் வேப்பிலையால் தடவுவதே பூஜை. சத்தமில்லாமல் நடமாடுவதே மந்திரம். பெரியம்மை 1975-க்குப் பிறகு இந்தியாவில் யாரையும் தொடவில்லை. பயம் போனதும் மௌனமும் போயிற்று. கடுகுச் சத்தம் ஆகாதவளுக்கு இப்போது 105 டெசிபல். வயிற்றுக்குக் கூழ் ஊற்றிக் குளிர வைக்கிறோம், காதுக்குப் புனல் வைத்துக் காய வைக்கிறோம். இரண்டும் சேர்ந்து ஆத்தாவுக்கு வெதுவெதுப்பாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான்.

காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை வெளியூர் போய்த் தங்கக்கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. இப்போது காப்புக் கட்டுகிற அன்றே கைக்குழந்தைக்காரிகள் தாய்வீட்டுக்கும், இருதய நோயாளிகள் மகன் வீட்டுக்கும், பரீட்சை எழுதும் பிள்ளைகள் சித்தப்பா வீட்டுக்கும் மூட்டை கட்டுகிறார்கள். வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத மாமியார் வீட்டுக்கே ஒருவர் போய்ச் சேர்ந்தார். விட்டுப்போன உறவுகளை இப்படி ஒட்டவைக்கிற புண்ணியமும் மைக்செட்டைத்தான் சேரும்.

போக்கிடம் இல்லாத எதிர்வீட்டு ஆயா விழாக்குழுத் தலைவரிடம் போய் நின்றாள்.

"தம்பி, மருமவ பச்ச உடம்புக்காரி. கொயந்த கண்ண மூட மாட்டேங்குது. கொஞ்சம் கம்மி பண்ணுப்பா."

"இன்னா ஆயா நீ? அம்மன் பாட்டு காதுல விழுந்தா கொயந்தைக்கு நல்லதுதானே?"

"அம்மன் பாட்டு ஓடிச்சுன்னா நான் ஏம்ப்பா வரேன்?"

தலைவர் ஒரு கணம் காதுகொடுத்துக் கேட்டார். கதாநாயகி குளிக்கிற பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. உடனே கையைக் காட்டி வால்யூமைக் குறைக்கச் சொன்னார். பெரியவர்கள் சொல்லுக்கு எங்கள் தெருவில் அவ்வளவு மரியாதை. ஆயா தன் வீட்டுப் படி ஏறுகிற வரைக்கும் அந்த மரியாதை இருந்தது.

கூழ் வார்க்கும் ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நிற்கும்போது அண்ணாந்து பார்த்தேன். ஒரு புனல் பள்ளிக்கூடத்தைப் பார்த்திருந்தது. ஒன்று பஸ் நிறுத்தத்தை. ஒன்று ஆயா வீட்டு ஜன்னலை. ஒன்று, எந்தக் கோணத்தில் நின்று பார்த்தாலும், என்னை. கருவறையைப் பார்த்து ஒன்றுகூட இல்லை. பாட்டும் அர்ச்சனையும் அம்மனுக்கு, ஆனால் அம்மனுக்கு மட்டும் முதுகு. பந்தலுக்குள் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மைக்செட் தம்பியிடம் என் யோசனையைச் சொன்னேன்.

"ஏன் தம்பி, அடுத்த வருஷமாவது ஒண்ணைக் கோயில் உள்பக்கமா திருப்பிக் கட்டக்கூடாதா?"

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான்.

"உள்ள யாரு சார் இருக்கா, கேக்கறதுக்கு?"

1925-இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கத்தார் இதைச் சொல்லத்தான் ஊர் ஊராக மேடை போட்டார்கள், கல்லடி பட்டார்கள். ஊர் முழுசாகக் கேட்டபாடில்லை. இவனோ நெற்றியில் குங்குமமும் கையில் மஞ்சள் காப்புமாக, ஆம்ப்ளிஃபயர் மேல் கூழ்ச் சொம்பை வைத்துக்கொண்டு, ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டான். அதுவும் மைக் இல்லாமல்.