தட்டைத் தட்டிச் சென்றவர்கள்

பாத்திரக் கடையில் எவர்சில்வர் தட்டு வாங்கினால் "பேர் வெட்டணுமா?" என்று கேட்பார்கள். தலையாட்டினால் போதும், டர்ரென்று கருவி ஓடி, யார் கல்யாணத்துக்கு யார் அன்பளிப்பு என்பது மூன்று வரியில் வந்துவிடும். 1616இல் மேற்கு ஆஸ்திரேலியக் கரையில் டச்சுக்காரர்கள் செய்ததும் இதே வேலைதான். கல்யாணம்தான் இல்லை.

டிர்க் ஹார்டோக் ஆஸ்திரேலியாவைத் தேடிப் போனவர் அல்லர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக (நம் பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த அதே கம்பெனிதான்) 'ஏன்ட்ராக்ட்' என்ற கப்பலை ஜாவாவுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். நன்னம்பிக்கை முனையைத் தாண்டி, தெற்கே வீசும் மேல்காற்றைப் பிடித்துக் கிழக்கே ஓடி, பிறகு வடக்கே திரும்ப வேண்டும். எங்கே திரும்புவது? தீர்க்கரேகையைக் கடலில் கணிக்க உருப்படியான கருவி இல்லாத காலம் அது. பஸ்ஸில் தூங்கிப்போய் ஸ்டாப்பிங்கைத் தவறவிட்டவர் மாதிரி, அக்டோபர் 25 அன்று ஷார்க் விரிகுடாவை ஒட்டிய ஒரு தீவில் போய் இறங்கினார்.

இரண்டு நாள் சுற்றிப் பார்த்தார்கள். கம்பெனிக்குக் காசாகும் சரக்கு எதுவும் கண்ணில் படவில்லை. சும்மா போக மனம் வருமா? சாப்பாட்டுத் தட்டு ஒன்றை எடுத்துத் தட்டையாக்கினார்கள். வெள்ளீயக் கலவைத் தட்டு. நம் வீட்டு ஈயச்சொம்புக்கு ஒன்றுவிட்ட தம்பி. குறுக்களவு 36.5 சென்டிமீட்டர். வந்த தேதி, போன தேதி, பெயர்கள் எல்லாம் அதில் ஏறின. முதல் பெயர் கப்பலில் வந்த பெரிய வியாபாரியுடையது. கப்பலை ஓட்டிவந்தவருக்கு இரண்டாம் இடம்தான். கம்பெனியில் மாலுமியைவிடக் கணக்கு பார்ப்பவருக்கே மரியாதை. தீவுக்குச் சொந்தக்காரர்களான மல்கானா மக்கள் அதை விர்ருவானா என்பார்கள். அவர்களுக்குத் தட்டில் இடமில்லை.

தட்டை ஓக் கம்பத்தில் அறைந்துவிட்டுக் கிளம்பினார்கள்.

1697 பிப்ரவரியில், காணாமல்போன ஒரு கம்பெனிக் கப்பலைத் தேடி வில்லெம் டி விளாமிங் வந்தார். வழியில் ஒரு தீவில் குவோக்கா என்ற சாதுப் பிராணிகளைப் பார்த்து, பெருச்சாளிகள் என்று முடிவுகட்டி, அந்தத் தீவுக்கு எலி வளை என்று பொருள்படும் பெயரையும் வைத்துவிட்டு வந்தவர். தேடிவந்த கப்பல் அகப்படவில்லை, தட்டு அகப்பட்டது. கம்பம் உளுத்திருந்தது. பத்திரப்படுத்த வேண்டாமா? பழைய தட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, புதுத் தட்டில் பழைய வாசகத்தை அப்படியே பொறித்து, கீழே தன் பரிவாரத்தின் பெயர்களையும் சேர்த்து அறைந்தார். கும்பாபிஷேகக் கல்வெட்டில் மூலவரைவிடத் திருப்பணிக் குழுவுக்கு அதிக வரி போகுமே, அதே கணக்கு. கழற்றிய தட்டு இன்று ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கம்பெனித் தட்டைக் கம்பெனிக்காரரே எடுத்தார், அது திருட்டாகாது என்பது டச்சு நியாயம்.

1801இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள். 'நாத்துராலிஸ்ட்' கப்பலின் ஆட்கள் மணலில் கிடந்த விளாமிங் தட்டைத் தூக்கிக்கொண்டு கப்பலுக்கு ஓடிவந்தார்கள். தலைவர் எம்மானுவேல் அம்லேன் பதறிப்போனார். நூறு வருஷத்துக்கு மேல் அங்கே இருந்ததை எடுப்பது மகாபாவம் என்று சொல்லி, புதுக் கம்பம் நட்டு, அதே இடத்தில் திருப்பி அறையச் சொன்னார். இந்தக் கதையில் எடுத்ததைத் திருப்பி வைத்த ஒரே ஆள் இவர். தன் பங்குக்கு ஒரு ஈயத் தகட்டையும் அதே தீவில் வைத்தார் என்பது வேறு. அந்தச் சபலம் இல்லாதவர் யார்?

அதே கப்பலில் லூயி டி ஃப்ரேசினே என்ற இளம் அதிகாரி இருந்தார். பாரிஸில் இருக்க வேண்டிய தட்டைப் பாறைமேல் விட்டுவருவதா என்று அவருக்கு வயிற்றெரிச்சல். அந்த எரிச்சல் பதினேழு வருஷம் அணையவில்லை. 1818இல் 'உரானி' கப்பலுக்குத் தானே தலைவராகித் திரும்பி வந்தார். கடற்படைக் கப்பலில் பெண்கள் ஏறக்கூடாது என்ற சட்டத்தை மீறி, மனைவி ரோஸுக்கு ஆண் வேஷம் போட்டு ஏற்றிவந்த புண்ணியவான் அவர். பெண்டாட்டியையே கடத்தி வந்தவருக்குத் தட்டு எம்மாத்திரம்? ஆளனுப்பி எடுத்துவரச் செய்தார். சொன்ன காரணம்தான் அபாரம்: அக்கறையில்லாத மாலுமி எவனாவது எடுத்துப்போய்விட்டால் என்ன ஆவது!

1820இல் ஃபாக்லாந்து தீவுகளில் 'உரானி' பாறையில் மோதி முடிந்தது. தட்டு பிழைத்தது. ஃப்ரேசினே அதைப் பாரிஸில் கல்வெட்டைத் தன் பெயரிலேயே தாங்கிய கழகத்திடம் ஒப்படைத்தார். அறிஞர்கள் அதை எவ்வளவு பத்திரமாக வைத்தார்களென்றால், வைத்த இடம் அவர்களுக்கே மறந்துபோனது. ஆஸ்திரேலியாவின் வெயிலிலும் மணலிலும் 121 வருஷம் தாக்குப்பிடித்த தட்டு, பாரிஸ் அலமாரிக்குள் தொலைந்தே போனது. 1940இல், ஒரு சிற்றறையின் அடித்தட்டில், பழைய செப்புத் தகடுகளுக்கு நடுவே அகப்பட்டது.

1947இல் பிரான்ஸ் அதை ஆஸ்திரேலியாவுக்குப் பரிசாகக் கொடுத்தது. எடுத்த வீட்டுக்கே கொண்டுபோய்ச் சீர் வைத்த மாதிரி. இப்போது அது மேற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் சொத்து. ஹார்டோக் இறங்கிய நானூறாம் ஆண்டையொட்டி அவருடைய தட்டும் ஆஸ்திரேலியாவுக்கு வந்தது, இரவலாக. பிறகு சமர்த்தாகத் திரும்பிப் போனது.

எடுக்காதே, திருப்பி வை என்று சொன்ன அம்லேனின் தகடு மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை. எந்தப் புண்ணியவான் பத்திரப்படுத்தினாரோ.